பேசாலைப் பேர்சி

1

இந்தக் கதை ஒரு மறுப்பிலிருந்து பிறந்தது. 2009இல் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு இருபது வயதாகியது. அதற்கு ஒரு சிறப்பு மலர் போடுவதென்று முடிவானது. கட்டுரை கேட்டுத் தலைவர் சிற்றம்பலம் அண்ணை வீட்டுக்கே வந்துவிட்டார். ஜெர்மனியின் ஹம் நகரில் தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டே பேர். மற்றவர் கவிஞர். அவரிடம் கேட்டால் கழகத்தைச் சூரியனாக்கி, அண்ணையைச் சந்திரனாக்கிவிடுவார். ஆகவே என்னிடம் வந்தார்.

"2005ஆம் ஆண்டு கோப்பை எடுத்ததைப் பற்றி எழுதும், அஞ்சலா. ரெண்டு பக்கம் காணும். ஒற்றுமை, உழைப்பு, ஒழுக்கம் மூண்டும் வரவேணும்."

"பேர்சி?"

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"பேர்சி வேண்டாம்."

பேர்சி இல்லாமல் அந்த வெற்றியை எழுதுவது, மாப்பிள்ளையை வெட்டி எடுத்துவிட்டுக் கல்யாணப் படத்தை அல்பத்தில் ஒட்டுவது மாதிரி. இருந்தாலும் எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு பக்கத்தில் ஒற்றுமை எல்லாப் பந்தியிலும் வருகிறது. மிச்சம்தான் நீங்கள் இப்போது வாசிப்பது.

2

ஆரம்பங்களோடு எனக்கு எப்போதும் தகராறு. வெட்டியவற்றையும் காட்டுகிறேன்.

"ஆந்தீஸ் மலையின் பனிமூடிய சிகரங்களுக்கு அடியில், ஓர் ஏழைக் குடிசையில்..." (வெட்டு. பேர்சி பான்டா பிறந்த பய்தா, பெரு நாட்டின் கடற்கரைத் துறைமுகம். சுற்றிலும் மணல். மலையை அவன் நாட்காட்டிப் படத்தில் பார்த்திருக்கிறான்.)

"காற்பந்து என்பது உலகத்தின் பொதுமொழி. அந்த மொழியில்..." (எழுதும்போதே கொட்டாவி வந்தது. எனக்குக் காற்பந்து பிடிக்காது. இருபத்திரண்டு பேர் ஓடினால் நான் பார்ப்பது நாற்பத்து நான்கு முழங்கால்களை.)

"அவனுடைய முழங்காலை நான் முதலில் பார்த்தேன், முகத்தைப் பிறகு."

இது உண்மை. இதை வைத்துக்கொள்வோம்.

3

அவனுடைய முழங்காலை நான் முதலில் பார்த்தேன், முகத்தைப் பிறகு. 2004ஆம் ஆண்டு மாரிகாலம். ஹம்மில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் நான் மசாஜ் செய்கிறேன். முறையாக அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்படிப்பு, முடித்துச் சான்றிதழ் வாங்கியவள். (மாமியார் இன்னும் ஊருக்கு 'நேர்ஸ்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்.) திரையை விலக்கினேன். கட்டிலில் ஓர் இடது முழங்கால், புதிதாக ஆறிய வெட்டுத் தழும்போடு. அந்தப் பக்கம், தலைமயிருக்கு அரைப் போத்தல் ஜெல் பூசிய ஓர் இளைஞன். என் கணவர் டக்ளஸ் இலங்கையின் மன்னார்க் கரையில் பேசாலை என்ற மீன்பிடி ஊர்க்காரர். அந்த ஊர் முகவெட்டு எனக்குத் தெரியும். இவன் அங்கிருந்து நேரே வந்தவன் மாதிரி இருந்தான்.

"தமிழோ?" என்றேன்.

"பெரு," என்றான்.

பெயரைக் கேட்டேன். "பேர்சி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர்சி இருக்கிறார்கள். பெருவிலும் அது வெகு சாதாரணமான பெயராம். எந்த வெள்ளைக்காரன் எந்தக் கப்பலில் வந்து இரண்டு கடற்கரையிலும் இந்தப் பெயரை இறக்கிவிட்டுப் போனானோ தெரியாது.

இனி அவனுடைய தொழில் வாழ்க்கை. சுருக்கமாகச் சொல்லலாம், அதுவே சுருக்கமானது. இருபத்தொரு வயதில் லீமாவிலிருந்து அவனை ரூர் பக்கத்து இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று வாங்கி வந்தது. கழுத்தில் சால்வை போட்டுப் படமெடுத்தார்கள். 'ஆந்தீஸின் சிறுத்தை' என்று உள்ளூர்ப் பத்திரிகையில் தலைப்புப் போட்டார்கள். முதல் பனி விழுந்த அன்று பயிற்சியாளர் தோளில் தட்டி, "உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்றாராம். அன்றுதான் பேர்சி வாழ்க்கையில் முதல்முறையாகப் பனியைத் தொட்டுப் பார்த்தான்.

சிறுத்தை உட்கார்ந்தே இருந்தது. ஆட்டம் முடியக் கொஞ்சம் முன்பு, நேரத்தைக் கடத்துவதற்காக இறக்குவார்கள். அவன் போட்ட ஒரே கோல் ஒரு கிராமத்து அணிக்கு எதிராக. அவர்களுடைய கோல்காப்பாளர் பகலில் தபால்காரர். அடுத்து வந்த பயிற்சியாளர் இவனைக் கடைசிவரை 'பெத்ரோ' என்றே கூப்பிட்டார். பிறகு மூன்றாம் பிரிவுக்கு இரவலாக அனுப்பினார்கள். அங்கே ஒழுங்காக ஆடத் தொடங்கிய இலையுதிர்காலத்தில், ஈரப் புல்லில் திரும்பும்போது இடது முழங்காலின் தசைநார் அறுந்தது. ஒப்பந்தம் அடுத்த ஜூன் கடைசியோடு முடியும். விசாவும் அதோடு முடியும்.

அப்படித்தான் அந்த முழங்கால் என் கைக்கு வந்தது.

4

நாங்கள் இருவரும் பேசியது ஜெர்மன் மாதிரியான ஒன்று. அவனுக்கு வினைச்சொல் வராது, எனக்குப் பால் வேறுபாடு வராது. இரண்டையும் கூட்டினால் ஒரு முழு வாக்கியம் கிடைக்கும்.

ஒரு ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். டக்ளஸ் விசாரித்தார், என்ன வேலை என்று.

"மூன்று வருசம் பாங்க்," என்றான் பேர்சி.

ஜெர்மனில் பாங்க் என்றால் பணம் போடும் வங்கி. மைதானத்தின் ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் குந்தியிருக்கும் வாங்குக்கும் அதுதான் பெயர். எங்கள் தமிழ்க் கழகத்தில் பந்தாடினாலும் டக்ளஸுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். என்னைக் குசினிக்குள் இழுத்தார்.

"இஞ்சேர், பொடியன் பாங்கில வேலையாம். வீட்டுக் கடனுக்கு ஒருக்கா மெல்லமாக் கேட்டுப் பார்ப்பமோ?"

அன்றுதான் நான் அந்த வீட்டில் கடைசியாக அப்படிச் சிரித்தேன் என்று எழுத ஆசை. (பொய். மறுநாளும் சிரித்தேன்.)

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பான். சோறு போடப் போட "காணும், காணும்" என்று சொல்ல டக்ளஸ் பழக்கினார். போதும் என்று அர்த்தம். 'ஓம்' என்பதும் வந்தது. அந்த இரண்டு சொல்லோடு அவனுடைய தமிழ் நின்றுவிட்டது.

5

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. மிக நல்லவனாக வந்துகொண்டிருக்கிறான். வெளிநாட்டில் தனிமை, தட்டைப் பார்த்து மௌனம், கோயில். இப்படியே விட்டால் அடுத்த பந்தியில் புல்லாங்குழல் வாசித்துவிடுவான்.

ஆகவே சொல்லிவிடுகிறேன். பேர்சி சரியான அலட்டல்காரன். சோபாவின் தலைமாட்டில் அவன் பூசிய ஜெல் கறை இன்னும் போகவில்லை. சீட்டாட்டத்தில் தோற்றால் சீட்டை எறிவான். நண்டுக்கறி வைத்தால் கால்களை எல்லாம் பொறுக்கிவிட்டு மற்றவர்களுக்கு ஓடுகளை மட்டும் விடுவான். கண்டதற்கெல்லாம் தேசிக்காய் பிழிவான். புட்டுக்கும் பிழிந்தான். லீமாவில் போட்ட கோலைப் பற்றி ஒரு முறை சொல்லும்போது அவன் கடந்துபோன எதிரிகள் நான்கு பேர். அடுத்த மாதம் ஏழு பேர்.

இப்போது எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது.

6

ஜூன் மாதத்தில் தமிழ்க் கழகங்களுக்கிடையே ஆண்டுச் சுற்றுப்போட்டி நடக்கும். அந்த முறை எங்கள் மைதானத்தில். ஒரேயொரு முக்கிய விதி: தமிழர் மட்டுமே ஆடலாம். போட்டிக்கு முந்திய கிழமை எங்கள் முன்கள வீரன் கனடாவுக்குத் தமக்கையின் கல்யாணத்துக்குப் போய்விட்டான். செயற்குழு எங்கள் வீட்டில் கூடியது. பேர்சி ஒரு மூலையில் புட்டுக்குத் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தான். அவன் பெருவிலிருந்து வந்த தொழில்முறை ஆட்டக்காரன் என்று டக்ளஸ் காதில் போட, சிற்றம்பலம் அண்ணை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரின்ர பேர் என்ன?"

"பேர்சி," என்றார் டக்ளஸ்.

"பேரில பிழையில்லை. வேதக்காரரோ?"

"ஓம் அண்ணை. ஞாயிறு தவறாமல் பூசை."

"ஊர்?"

"மீன்பிடி ஊர், அண்ணை."

"அப்ப பேசாலைதானே," என்றார் அண்ணை.

"தமிழ் தெரியாதே!" என்றேன் நான்.

"தொண்டை ஒப்பரேசன் எண்டு சொல்லுவம். உன்ர மனுசன்ர சித்தப்பாவின்ர மகன். போன மாதம் வந்தவர்."

"உங்களுக்கெல்லாம் விசரோ? அந்தக் காலை ஆறு மாசமா நான் உருவி எடுத்துக்கொண்டிருக்கிறன். செவ்வாய்க்கிழமை அவனுக்குக் கிழக்கு ஜெர்மனியில ஒரு கழகத்தில தேர்வுப் பயிற்சி. அவங்கள் எடுத்தால்தான் விசா. ஞாயிறு உங்களோட விழுந்தெழும்பினால் எல்லாம் போச்சு."

டக்ளஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கேட்டுத்தானே பார்ப்பம்," என்றார்.

பேர்சியிடம் கேட்டார்கள். அவன் தட்டைக் கீழே வைத்தான். கேட்ட கேள்வி ஒன்றுதான்:

"முழு நேரமுமா?"

7

வெள்ளிக்கிழமை அவனுக்கு எங்கள் எலும்பு மருத்துவரிடம் டெர்மின், முன்பதிவு நேரம், இருந்தது. அது முடிந்து என்னிடம் வந்து கட்டிலில் படுத்தான்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"எல்லாம் நல்லம்," என்றான், கூரையைப் பார்த்தபடி.

"நல்லதெண்டால் செவ்வாய்வரை நல்லதாகவே இருக்கட்டும். ஞாயிறு ஆடாதே, பேர்சி. அது மேடும் பள்ளமுமான தரை. எதிரே வாறது முழுக்கத் தொப்பை வைத்த அங்கிள்மார். தெரியாமல் காலில விழுவாங்கள்."

அவன் சிரித்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். சிரிப்பு இல்லை.

"ஃபிராவ் அஞ்சலா," என்றான், எப்போதும்போலத் 'திருமதி' போட்டு. "இந்த நாட்டில் எனக்கு எல்லாரும் சொன்னது, 'போய்ச் சூடேறு'. நான் கோட்டுக்கு வெளியே ஓடுவேன், குதிப்பேன், சூடேறுவேன். பிறகு சொல்வார்கள், 'உட்கார்'. ஞாயிறு ஒருவரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள்."

(இந்த இடத்தில் ஒரு நல்ல பதில் எழுதவேண்டும். நான்கு வருடமாக யோசிக்கிறேன். அன்று நான் சொன்னது, "மற்றக் காலை மடி.")

8

ஞாயிற்றுக்கிழமை வெயில். கால்வாய்க்கரை மைதானத்தில் ஒரு பக்கம் ரோல்ஸ் பொரிந்தது, மறுபக்கம் ஒலிபெருக்கி கத்தியது. அரையிறுதியில் பேர்சி மூன்று கோல் போட்டான். "பேசாலை தந்த புயல்!" என்று அறிவிப்பாளரும் நடுவர் குழுத் தலைவருமான ஞானப்பிரகாசம் மாஸ்டர் முழங்கினார். கூட்டத்தில் உண்மையான பேசாலைக்காரர் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் அவனுடைய தகப்பனைத் தனக்குத் தெரியும் என்றார்.

இறுதிப் போட்டி தெற்கே பாடன் பக்கத்து அணியோடு. அவர்களுடைய கோல்காப்பாளர் தீபக், வால்டோர்ஃபில் கணினி வேலை செய்கிற கோயம்புத்தூர்ப் பொடியன். சுவர் மாதிரி நின்றான். அதைப் பார்த்த சிற்றம்பலம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. இடைவேளையில் நேரே ஒலிவாங்கிக்குப் போனார்.

"மாஸ்டர், எங்களுக்கு ஆட்சேபனை இருக்கு. அந்தத் தம்பி இந்தியா. விதியில தமிழர் எண்டால் எங்கட நாட்டுத் தமிழர்."

டக்ளஸ் ஓடிப்போய் அவருடைய சட்டையைப் பிடித்தார். "அண்ணை, வாயைப் பொத்துங்கோ! எங்கட பக்கத்தில ஒரு பெரு நிக்குது!"

"அது வேற கதை," என்றார் அண்ணை.

தீபக் கையுறையைக் கழற்றிவிட்டு வந்தான். "சார், பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் சார் நான். இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்? உயிரெழுத்து சொல்லட்டுமா?" கேட்டுவிட்டு நிஜமாகவே ஒலிவாங்கியில் "அ, ஆ, இ, ஈ" என்று தொடங்கினான். கூட்டம் 'ஃ' வரைக்கும் கூடவே சொன்னது.

அண்ணை மசியவில்லை. விவாதம் ஈழம், தமிழகம், வரலாறு என்று போனது. எல்லாரும் தமிழர் யார் என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்க, பெரு நாட்டவன் நடுவில் நின்று ஆரஞ்சுப் பழம் உரித்தான். மாஸ்டருக்குக் களைத்துவிட்டது. பழம் உரித்துக்கொண்டு நின்றவன் பக்கம் ஒலிவாங்கியைத் திருப்பினார்.

"தம்பி, நீர் ஆட்டக்காரன். நீரே சொல்லும். இவர் விளையாடலாமோ, ஏலாதோ?"

டக்ளஸ் கண்ணை மூடிக்கொண்டார். பேர்சி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு, தனக்குத் தெரிந்த முழுத் தமிழையும் செலவழித்தான்.

"ஓம். காணும்."

"பாருங்கோ," என்றார் மாஸ்டர் தழுதழுத்து, "தொண்டை ஒப்பரேசன் செய்த பிள்ளை! எவ்வளவு கஷ்டப்பட்டு நீதி சொல்லுது!" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தீபக் வந்து பேர்சியைக் கட்டிப்பிடித்தான்.

9

ஆட்டத்தை நான் விவரிக்கப் போவதில்லை. முழங்கால்களைத்தான் பார்த்தேன் என்று முன்பே சொன்னேன். ஆனால் அன்று ஒருமுறை, ஒரேயொரு முறை, நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். பந்து இல்லாத நேரத்திலும் அவன் சிரித்துக்கொண்டு ஓடினான்.

ஒன்றுக்கு ஒன்று. முடிய ஒரு சில நிமிடம். பேர்சி இரண்டு அங்கிள்மாரைக் கடந்து உள்ளே போனான், தீபக் குறுக்கே பாய்ந்தான், இருவரும் விழுந்தார்கள். பேர்சி இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய தாயாரைப் பற்றி ஸ்பானிய மொழியில் நீளமாக ஏதோ கத்தினான். நடுவர் பெனால்டி கொடுத்தார். நான் ஐஸ் பையோடு ஓடினேன்.

தீபக் என்னையே பார்த்தான். "மேடம், நான் ஒரு வருஷம் மாட்ரிட்ல ப்ராஜெக்ட்ல இருந்தேன். பேசாலைல ஸ்பானிஷ் பேசுவாங்களா?"

"மீன்பிடிக்கிற ஊர், தம்பி. எல்லாப் பாஷையும் வரும்."

அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். "பரவால்ல, நான் சொல்ல மாட்டேன். எனக்காகப் பேசினவன். ஆனா காலைப் பாருங்க, அவன் நிக்கவே கூடாது."

முழங்கால் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது. "காணும், பேர்சி," என்றேன். அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. பந்தை எடுத்து வைத்தான்.

இங்கே மலருக்கான முடிவு: பந்து வலைக்குள். ஒற்றுமை வென்றது.

இங்கே என் கவிஞர் நண்பருக்கான முடிவு: பந்து கம்பத்தில் பட்டுத் திரும்ப, வானம் அழுதது.

நடந்தது: இடது காலை ஊன்றி வலது காலால் அடித்தான். தீபக் தப்பான பக்கம் பாய்ந்தான். கோல். பேர்சி நின்ற இடத்திலேயே சாய்ந்தான். எங்கள் ஆட்கள் அவனைத் தூக்கித் தோளில் வைத்துச் சுற்றினார்கள். கோப்பையில் ஃபான்டா ஊற்றிக் கொடுத்தார்கள். அவன் வலியிலும் சந்தோஷத்திலும் ஒரே முகமாக இருந்தான்.

10

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் காலுக்கு இறுக்கமாகப் பட்டி ஒட்டிவிட்டேன். ரயிலேறிக் கிழக்கே போனான். முதல் ஓட்டத்திலேயே நொண்டினானாம். அந்தக் கழகத்து மருத்துவர் முழங்காலில் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கைகுலுக்கி அனுப்பிவிட்டாராம். ஜூன் முடிந்தது. டூசல்டோர்ஃப் விமான நிலையத்தில் டக்ளஸ் அவனுக்கு அணியின் சட்டையைக் கொடுத்தார். பேர்சி என்னிடம் ஒரு போத்தல் ஜெல்லைத் தந்துவிட்டுப் போனான், பையில் எடை கூடிவிட்டதென்று.

நான் டக்ளஸோடு பல நாள் கதைக்கவில்லை. கதைத்தபோது, "நீங்கள் எல்லாரும் சேர்ந்து அவன்ர காலை ஒரு தகரக் கோப்பைக்கு வித்திட்டியள்," என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு கழகத்தில் பந்தாடவும் இல்லை. சிற்றம்பலம் அண்ணை பேர்சியின் பெயரை எடுப்பதை நிறுத்தினார். நான் அதை வெட்கம் என்று நினைக்கிறேன். அவர் அதை நிர்வாகம் என்று நினைக்கிறார்.

11

போன வருடம், 2008இல், அவனுடைய தொலைபேசி இலக்கம் கிடைத்தது. பய்தாவில் மீன் ஏற்றும் லொறி ஓட்டுகிறான். கல்யாணம் முடித்துவிட்டான். மாலையில் துறைமுகத்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறான். ஜெர்மன் இன்னும் மோசமாகியிருந்தது, எனக்கும்தான். டக்ளஸ் பக்கத்தில் நிற்க, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன்.

"பேர்சி, அந்த ஞாயிறு ஆடாமல் விட்டிருந்தால்?"

"என்ன ஆகியிருக்கும்?"

"செவ்வாய் உன்னை எடுத்திருப்பார்கள்."

மறுமுனையில் கோழியொன்று கத்தியது. பிறகு அவன் சொன்னான்:

"வெள்ளிக்கிழமை டொக்டர் சொல்லிவிட்டார். குருத்தெலும்பு முடிந்தது. இனி தொழிலாக ஆட முடியாது. நான் உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிறு நீங்கள் என்னை உட்கார வைப்பீர்கள்."

"பிறகேன் செவ்வாய் போனாய்?"

"டக்ளஸ் டிக்கெட் எடுத்துத் தந்துவிட்டார். வீணாக்குவதா?"

டக்ளஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறே பழைய காற்பந்துச் சப்பாத்தைத் தேடி எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

12

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று டக்ளஸுடையது: பேர்சி சொன்னது உண்மை. வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் அவனைப் பேசாலைக்காரன் என்று ஊரை ஏமாற்றினோம், அவன் சுகமாக இருக்கிறேன் என்று எங்களை ஏமாற்றினான். தன் கடைசி ஆட்டத்தைத் தானே தேர்ந்தெடுத்தான். கணக்கு நேர்.

மற்றது என்னுடையது: ஆறு மாதம் நான் தொட்ட முழங்கால் அது. அது தேறிக்கொண்டுதான் வந்தது என்று என் விரல்கள் சொல்கின்றன. என் குரலில் இருந்த கவலையைக் கேட்டு, டக்ளஸ் பக்கத்தில் நிற்பதை ஊகித்து, கோழி கத்திய அந்த இடைவெளிக்குள் அவன் ஒரு பொய்யைச் செய்து கொடுத்தான். நான்கு பேரை ஏழு பேராக்கியவனுக்கு இது என்ன பெரிய வேலை?

(விரல்கள் தவறலாம். நான் மசாஜ் செய்கிறவள், படம் எடுத்துப் பார்க்கும் கருவியல்ல.)

எது சரி என்று கண்டுபிடிப்பது சுலபம். அந்த வெள்ளிக்கிழமை அவனைப் பார்த்த மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஹம்மில்தான் இருக்கிறார். சனிக்கிழமைச் சந்தையில் தக்காளியை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, கடைக்காரியிடம் ஏச்சு வாங்குகிற நெட்டை மனிதர். நோயாளியின் ரகசியம் என்று வாயை மூடிக்கொள்வார். ஆனால் எதையும் மறைக்கத் தெரியாத முகம் அவருக்கு. பேர்சி பான்டா என்று பெயரைச் சொன்னாலே போதும், தெரிந்துவிடும். நான் அவரைக் கண்டால் கிழங்குக் கடைப்பக்கம் திரும்பிவிடுகிறேன்.

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் போய்க் கேளுங்கள். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் அங்கே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் சொல்லாதீர்கள். டக்ளஸ் இப்போதுதான் மறுபடி பந்தாடுகிறார்.